ஆரோக்கியசாமியின் ரத்தம் என்ன குரூப்?

என் பணி நிறைவு விழாவில் என்னையும் பேசச் சொன்னார்கள். பாதி நேரம் மைக் ஊளையிட்டது. மீதி நேரத்தில் பிரியாணி அண்டா வந்து இறங்கிய சத்தம் கேட்டது. அதற்கு மேல் யார் நின்று பேசினாலும் எடுபடாது என்று எனக்குத் தெரியும். "எல்லாருக்கும் நன்றி, சாப்பிடலாம்" என்று முடித்துக்கொண்டேன். என் வாழ்நாளில் அதிகக் கைதட்டல் வாங்கிய பேச்சு அதுதான்.

போன மாதம் சுகன்யா போன் செய்தாள். நான் வேலை பார்த்த லேபில் எனக்குப் பின்னால் வந்த பெண். ரத்த குரூப் பார்க்கப் புது மெஷின் வந்திருக்கிறதாம். ரத்தத்தை உள்ளே வைத்துவிட்டு டீ குடித்துத் திரும்பினால் பதில் தயாராக இருக்குமாம். அன்றைக்கு ஒரு ரத்தத்துக்கு மட்டும் பதில் சொல்லாமல் சிவப்பாக ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு நின்றுகொண்டதாம்.

"மேடம், நீங்க அடிக்கடி ஒருத்தர் கதை சொல்லுவீங்களே, லீவுசாமியோ என்னமோ. அவரு ரத்தமும் இப்படித்தானே முரண்டு புடிச்சுது? முழுசா சொல்லுங்க மேடம்."

லீவுசாமி இல்லை, ஆரோக்கியசாமி. லீவுசாமி என்பது அவருடைய ஷிப்ட் ஆட்கள் வைத்த பெயர். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் எழுதித் தருகிறேன் என்றேன். பெயரைப் போடலாமா என்று அவரிடமே கேட்டேன். "போட்டோவும் சேத்துப் போடுங்க மேடம்" என்றார். போட்டோ வேண்டாம். எழுத்தே போதும்.

என் பெயர் வளர்மதி. ஊர் சேத்தியாத்தோப்புக்குப் பக்கம். சிதம்பரத்தில் டிப்ளமோ படித்தேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: பஸ், பரீட்சை, கல்யாணம். நெய்வேலி நகரியத்து ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்த பிறகுதான் உண்மையான படிப்பு தொடங்கியது. அதை நடத்தியவர் எங்கள் லேபின் தலைவி, டாக்டர் லில்லி கிரேஸ்.

மேடத்துக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். குள்ளம். கஞ்சி போட்ட காட்டன் புடவை. கையில் மட்டும் ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம், அதில் விநாடி முள் பெரிதாக ஓடும் என்பதற்காக. யாரையும் திட்ட மாட்டார். "தப்பு" என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. "இன்னொரு தடவ பாப்போமா?" என்பார். அந்தக் கேள்விக்கு "வேண்டாம் மேடம்" என்று பதில் சொன்னவர் எவரும் இல்லை. அவருக்குப் பிடிக்காத ஒரே வார்த்தை "அநேகமா". சேர்ந்த புதிதில் ஒருநாள், "அநேகமா பி பாசிட்டிவ் மேடம்" என்றேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏ இருக்கு, பி இருக்கு, ஏபி இருக்கு, ஓ இருக்கு. அநேகமான்னு ஒரு குரூப் நான் படிக்கிறப்ப இல்லியே வளர்மதி. புதுசா வந்திருக்கா?"

அன்றிலிருந்து வீட்டில்கூட அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். "நைட்டுக்கு என்ன டிபன்?" என்று என் கணவர் கேட்டால் "உப்புமா" என்று உறுதியாகச் சொல்லப் பழகினேன். அவருக்கு அதில் வருத்தம்.

மேடத்தின் போக்குக்கு இன்னொரு உதாரணம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ரத்த குரூப் பார்த்து அடையாள அட்டை கொடுத்தோம். மறுநாள் ஒரு அம்மா அட்டையும் கையுமாக லேபுக்குள் புகுந்தார். "எங்க வூட்டுல நானும் ஓ, இவங்கப்பாவும் ஓ. எம்பொண்ணு மட்டும் எப்படி பி? மாத்திக் குடுங்க." அப்பா அம்மா இருவரும் ஓ என்றால் பிள்ளை பி-யாக வர வழியில்லை. அதைச் சொன்னால் அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. மேடம் நிதானமாக, "பொண்ணோடது சரியாத்தான் இருக்கு. அவங்கப்பாவுக்கு இன்னொரு தடவ பாப்போமா?" என்றார். ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவுக்கு ஊசி குத்தினேன். அவர் சுத்தமான பி. எப்போதோ வெளியூர் முகாமில் யாரோ ஓ என்று சொன்னதை நம்பி, பர்ஸில் எழுதி வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். அந்தக் குடும்பம் தப்பித்தது என்று நான் பெருமூச்சு விட்டபோது மேடம் சொன்னார்: "குடும்பத்த விடுங்க. இவருக்கு ஒரு விபத்துன்னு வந்து, அந்தச் சீட்டப் பாத்து ரத்தம் போட்டிருந்தா?"

இனி ஆரோக்கியசாமி.

2010 பிறந்து சில வருடங்கள் கழித்து நடந்தது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பகுதியில் வேலை. பெர்மனென்ட் ஆள். நாற்பது தாண்டியவர். பெரிய மீசை. நல்ல குரல், ஆனால் வாக்கியத்துக்கு நடுவே இருமல் புகுந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை நிமோனியா, நடுவில் சைனஸ், காதில் சீழ், வயிற்றுப்போக்கு என்று மாதம் தவறாமல் ஏதாவது ஒன்று. எங்கள் ஆஸ்பத்திரிக் காவலாளி அவருக்கு வணக்கம் வைத்துக் குடும்பம் விசாரிப்பார். கேண்டீனில் அவருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள். எல்லாருக்கும் தெரியும்.

அவருக்கு இப்படி வருவதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பழுப்பு நிலக்கரித் தூசு என்றார்கள் பாதிப்பேர். அதே தூசைத் தின்றுகொண்டு ஆயிரம் பேர் குண்டுக்கல்லாக இருந்தார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஷிப்ட் ஆட்கள், "லீவு போடக் கத்துகினு வந்திருக்கான்" என்றார்கள். அதில் முதல் ஆள் தட்சிணாமூர்த்தி. ஷிப்ட் இன்சார்ஜ். "ஆரோக்கியம்னு பேரு வச்சது அவங்கம்மா பண்ண தமாசு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆரோக்கியசாமியின் மனைவி ஸ்டெல்லா கண்ணேறு என்றார். வருடா வருடம் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர் அவர். புருஷனுக்கும் சேர்த்துத்தான் அந்த நடை. "நான் நடந்து நடந்து என் காலு தேஞ்சிப்போச்சு. இவரு மூக்கு ஒழுகறது மட்டும் நிக்கல" என்பார்.

சைனஸுக்கு ஆபரேஷன் செய்துவிடலாம் என்று காது மூக்கு தொண்டை டாக்டர் முடிவு செய்தார். மறுநாள் காலை ஆபரேஷன். முந்தின நாள் ரத்த குரூப் பார்க்க ஆரோக்கியசாமி என்னிடம் வந்தார்.

"எதுக்கு மேடம் திரும்பத் திரும்ப எடுக்கறீங்க? நான் ஓ பாசிட்டிவ். நெஞ்சுல பச்ச குத்திக்கட்டுமா?"

"குத்திக்குங்க. அப்பவும் எடுப்போம்" என்றேன்.

ரத்த குரூப்பை நாங்கள் இரண்டு வழியாகப் பார்ப்போம். முதல் வழியில், வந்தவருடைய சிவப்பணுக்களை எடுத்து, ஏ-வைப் பிடிக்கும் மருந்தோடும் பி-யைப் பிடிக்கும் மருந்தோடும் தனித்தனியாகக் கலப்போம். எதில் கட்டி கட்டியாகச் சேர்கிறதோ அது அவர் குரூப். இரண்டிலும் சேர்ந்தால் ஏபி, இரண்டிலும் சேராவிட்டால் ஓ. இரண்டாவது வழி, அதைத் திருப்பிப்போட்டுச் சரிபார்ப்பது. ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் வைக்கோல் நிற நீர்தான் சீரம். அதை எடுத்து, எங்களிடம் உள்ள ஏ அணுக்களோடும் பி அணுக்களோடும் கலப்போம். ஓ குரூப்காரர் சீரத்தில் ஏ-வையும் பி-யையும் எதிர்க்கிற ஆன்ட்டிபாடிகள் கைக்குழந்தைப் பருவத்திலேயே வந்துவிடும். ஆகவே அந்த இரண்டு குழாயிலும் அணுக்கள் கட்டிப்பட வேண்டும். குழாய்களை மெஷினில் சுற்றவிட்டு எடுத்தால் அடியில் சிவப்பாக ஒரு பொட்டு படிந்திருக்கும். சாய்த்து மெதுவாகத் தட்ட வேண்டும். கட்டிப்பட்டிருந்தால் பொட்டு அப்படியே துண்டாகக் கிளம்பும். இல்லையென்றால் புகை மாதிரி கலைந்து போகும்.

ஆரோக்கியசாமியின் அணுக்கள் ஓ என்றன. சீரத்தைப் போட்டேன். சுற்றினேன். தட்டினேன். ஏ குழாய், புகை. பி குழாய், அதுவும் புகை. இரண்டையும் எதிர்க்காத சீரம் ஏபி குரூப்காரருக்குத்தான் இருக்கும். முன்வாசலில் கேட்டால் ஓ, கொல்லைப்புறத்தில் கேட்டால் ஏபி.

குழாயில் பெயரைப் பார்த்தேன். சரி. புதிதாக ஊசி குத்தி ரத்தம் எடுத்துத் திரும்பச் செய்தேன். அதே புகை. எங்கள் ஏ, பி அணுக்கள் கெட்டுவிட்டனவோ என்று சந்தேகம். நானும் ஓ. என் கையிலேயே குத்தி, என் சீரத்தை அதே அணுக்களோடு போட்டேன். தயிர் போலக் கட்டியது. ஆக, கெட்டது அணுக்கள் இல்லை.

மேடத்திடம் கொண்டுபோனேன். "அநேகமா" வாய்வரை வந்து திரும்பிப் போனது.

மேடம் குழாயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தட்டினார். "குளிர்ல வச்சுப் பாப்போமா? வலுவில்லாத ஆன்ட்டிபாடியா இருந்தா குளிர்ல முழிச்சுக்கும்" என்றார். பிரிட்ஜில் வைத்தோம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். எடுத்துத் தட்டினார். முழிக்கவில்லை.

"பச்சக் குழந்தையோட சீரம்தான் இப்படி இருக்கும். இவருக்கு என்ன வயசு?"

"நாற்பதுக்கு மேல மேடம். மீசையெல்லாம் இருக்கு."

மேடம் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் குழாயையே பார்த்தார். "நாம இதுவரைக்கும், இவரோட ஆன்ட்டிபாடி ஏன் வேலை செய்யலன்னு கேட்டுக்கிட்டு இருக்கோம். ஆன்ட்டிபாடியே இல்லன்னா?"

அதற்குள் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன். "குரூப் என்ன ஆச்சு?" மேடம் சொன்னார்: "டாக்டர், குரூப் ஓதான். ஆனா நான் கையெழுத்துப் போட மாட்டேன். சீரம் ஏன் ஒத்துவரலன்னு இன்னும் தெரியல." காது மூக்கு தொண்டை டாக்டர் நல்ல மனுஷர். மேடம் இப்படிப் பேசினால் காரணம் இருக்கும் என்று ஆபரேஷனைத் தள்ளி வைத்தார்.

தள்ளி வைத்த செய்தியைச் சொல்லப் போன என்னை ஸ்டெல்லா வராந்தாவில் மடக்கினார்.

"என்ன மேடம் இது அநியாயம்? இவருக்கு லீவு வாங்கறதுக்குள்ள அந்த தட்சிணாமூர்த்தி எவ்ளோ பேச்சு பேசனாரு தெரியுமா? புள்ளைங்கள பக்கத்து குவார்ட்டர்ஸ்ல வுட்டுட்டு வந்து நிக்கறேன். குரூப் பாக்கத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க!"

பின்னாலேயே வந்த மேடம், யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். வராந்தா பெஞ்சில் ஆரோக்கியசாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் நாற்காலியைத் தவிர வேறெதிலும் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"இந்தச் சளி, காய்ச்சல் எல்லாம் எப்பலேர்ந்து?"

"கல்யாணம் ஆன புதுசுலேர்ந்துங்க மேடம்."

"அப்ப நாந்தான் காரணமா?" என்றார் ஸ்டெல்லா.

"நான் அப்படிச் சொன்னனா? அதுக்கு முன்னாடி நல்லா கபடி ஆடிகினு இருந்தேன்."

"அப்ப நாந்தான் காரணம்!"

மேடம் குறுக்கே புகுந்தார். நிமோனியா எத்தனை தடவை, காதில் சீழ், வயிற்றுப்போக்கு, டைபாய்டு டெஸ்ட் செய்தபோதெல்லாம் என்ன வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "எப்பப் பாத்தாலும் டெஸ்ட்ல ஒண்ணுமில்லன்னு தாங்க வரும். காய்ச்சல் மட்டும் இருக்கும். அதனாலதான் ஷிப்ட்டுல நடிக்கறன்னு சொல்றானுவ" என்று சொல்லிவிட்டு ஆரோக்கியசாமி தரையைப் பார்த்தார். அதுவரை கேலியும் கிண்டலுமாகப் பேசிக்கொண்டிருந்தவர். அந்தக் குரலை நான் மறக்கவில்லை.

மேடம் எழுந்து என்னிடம், "பாத்தீங்களா வளர்மதி, அந்த டெஸ்ட் தேடறதே கிருமிய எதிர்க்கற ஆன்ட்டிபாடியத்தான். இவர்கிட்ட அதுவே இல்லன்னா எந்தக் காய்ச்சலுக்கும் ஒண்ணுமில்லன்னுதான் வரும்" என்றார். உடனே ரத்தத்தில் மொத்தப் புரதம் எவ்வளவு, அதில் ஆல்புமின் எவ்வளவு என்று பார்த்தோம். ஆல்புமின் நன்றாக இருந்தது. அதைக் கழித்தால் மீதம் வருவதில்தான் ஆன்ட்டிபாடிகள் இருக்கும். மீதம் கொஞ்சமே கொஞ்சம். கேண்டீன் சாம்பாரில் பருப்பைத் தேடுவது போல இருந்தது. ஆன்ட்டிபாடிகளை வகை வகையாக அளக்கும் வசதி எங்களிடம் இல்லை. ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினோம்.

பதில் வருவதற்குள் அவருக்கு நிமோனியா வந்துவிட்டது.

இந்த முறை பழைய மாதிரி இல்லை. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வாசல்வரை நடக்க முடியாமல், இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். உதடு நீலம் பூத்திருந்தது. ஆக்சிஜன் வைத்தார்கள். மேடம் வார்டுக்கே போய் டாக்டரிடம் சொன்னார்: "இவருக்கு ஆன்ட்டிபாடி டெஸ்ட் எதையும் நம்பாதீங்க. கிருமியையே புடிச்சுத் தர்றோம்." ரத்தத்தை வளர்ப்புக் குப்பியில் போட்டேன். கிருமி வளர்ந்ததும் தட்டில் தேய்த்து வைத்தேன். தட்டைத் திறந்தபோது நடுவில் குழிந்த சின்னச் சின்ன வட்டங்கள், கேரம் காய்களை இறைத்தது மாதிரி. நிமோனியாக் கிருமி. அது ரத்தத்துக்குள்ளேயே இறங்கியிருந்தது.

வார்டில் எட்டிப் பார்த்தேன். ஸ்டெல்லா கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மா பேசாமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான். ஒரு சண்டை போட்டாலாவது தேவலை என்று இருந்தது.

மருந்து சரியான கிருமிமேல் விழுந்ததால் காய்ச்சல் மெல்ல இறங்கியது. அவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சியில் உப்பில்லை என்று புகார் சொன்ன அன்று சென்னையிலிருந்து பதில் வந்தது. ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்று ஆன்ட்டிபாடியில் மூன்று முக்கிய வகை. முதலாவது இருக்க வேண்டியதில் கால் பங்குகூட இல்லை. மற்ற இரண்டும் பேருக்குத்தான். அவரைச் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே தடுப்பூசி போட்டு, சில வாரம் கழித்து, உடம்பு அதற்கு ஆன்ட்டிபாடி உண்டாக்குகிறதா என்று பார்த்தார்கள். உண்டாக்கவில்லை. வேறு நோயாலோ மருந்தாலோ இப்படி ஆகவில்லை என்றும் உறுதி செய்தார்கள். ஸ்கேனில் நுரையீரலின் அடிப்பக்கத்துக் குழாய்கள் கொஞ்சம் விரிந்திருந்தன. இன்னும் சில வருடம் இப்படியே போயிருந்தால் அது திரும்பாத பாதை என்று அங்கிருந்த டாக்டர் சொல்லியிருக்கிறார்.

திரும்பி வந்தவருக்கு மேடம் விளக்கினார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"உங்க உடம்புல ஆன்ட்டிபாடி செய்யற அணுக்கள் இருக்கு. ஆனா அதுங்க முதிர்ந்து வேலைக்கு வர்றதில்ல."

"பேரு ரோல்ல இருக்கு, ஆள் டியூட்டிக்கு வர்றதில்லன்னு சொல்லுங்க."

"அதேதான். வர வைக்க மருந்து இல்ல. அதனால ரத்ததானம் குடுத்த ஆயிரக்கணக்கான பேரோட பிளாஸ்மாவுலேர்ந்து ஆன்ட்டிபாடிய மட்டும் பிரிச்செடுத்து உங்களுக்கு ஏத்துவோம்."

"பெர்மனென்ட் ஆளு வர்ல, கான்ட்ராக்ட் ஆளு போட்டு ஷிப்ட்ட ஓட்டறீங்க."

"ஆமா. ஆனா அந்த ஆட்கள் சில வாரத்துல கரைஞ்சு போயிடுவாங்க. மாசா மாசம் புதுசா எடுக்கணும். உயிரோட இருக்கற வரைக்கும்."

ஆரோக்கியசாமி மெதுவாகக் கேட்டார்: "அப்ப நான் நடிக்கலதானங்க மேடம்?"

"இல்ல" என்றார் மேடம். "ஒரு நாளும் நடிக்கல."

அவர் மீசையைத் துடைத்துக்கொள்வது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸ்டெல்லா துடைத்துக்கொள்ளவே இல்லை. அது பாட்டுக்கு வழிந்தது. நான் குழாய் கழுவ வேண்டும் என்று லேபுக்கு ஓடிவிட்டேன். அன்றைக்குக் கழுவ ஒரு குழாயும் இல்லை.

முதல் தடவை மருந்து ஏற்றுவது எங்கள் ஆஸ்பத்திரியிலேயே நடந்தது. சிஸ்டர் கஸ்தூரி பொறுப்பு. மருந்துப் பாட்டிலைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து, அறையின் சூட்டுக்கு வரட்டும் என்று மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினார். டானிக் பாட்டிலைக் குலுக்கிக் கொடுப்பது வழக்கம்தானே. உதவி செய்கிறேன் என்று ஆரோக்கியசாமி அதை எடுத்துக் குலு குலு என்று குலுக்கிவிட்டார்.

"அய்யய்யோ!" என்று சிஸ்டர் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டில் ஒருவர் எழுந்து உட்கார்ந்தார். அந்த மருந்தைக் குலுக்கவே கூடாது. சோப்புத் தண்ணீர் போல நுரைத்துக்கொள்ளும். நுரை அடங்கும்வரை எல்லாரும் பாட்டிலைச் சுற்றிக் காத்திருந்தோம். ஸ்டெல்லா பழைய ஸ்டெல்லாவாகியிருந்தார். "கைய வச்சுகினு சும்மா இருக்க மாட்டீங்களா நீங்க?"

பிறகு சொட்டுச் சொட்டாக ஆரம்பித்தார்கள். ஆரம்பத்தில் மிக மெதுவாகத்தான் விட வேண்டும். உடம்புச் சூடு, நாடி, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் அடிக்கடி பார்த்து, ஒன்றும் தொந்தரவு இல்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டலாம்.

"கொஞ்சம் வேகமா வுடுங்க சிஸ்டர். பெல்ட்டு ஓடற ஸ்பீடு என்னா, இது என்னா?"

"இது உங்க பெல்ட்டு இல்ல. படுங்க."

பாதி ஏறும்போது அவருக்குக் குளிர் நடுக்கம் எடுத்தது. கட்டில் கடகடவென்று ஆடியது. முதல் தடவை சிலருக்கு அப்படி வரும். சிஸ்டர் சொட்டை நிறுத்தி, மாத்திரை கொடுத்து, இரண்டு கம்பளியால் போர்த்தி, நடுக்கம் அடங்கியதும் இன்னும் மெதுவாக ஆரம்பித்தார். பல் தந்தியடிக்க ஆரோக்கியசாமி சொன்னார்: "கான்ட்ராக்ட் ஆளுங்க... கேட்டுலயே... தகராறு பண்றானுவ."

அடுத்தடுத்த மாதங்களில் தகராறு அடங்கியது. ஏற்றும் நாளில் ஸ்டெல்லா சாப்பாடு கட்டிக்கொண்டு வருவார். பலாப்பழக் காலத்தில் சுளை உரித்து டப்பாவில் எங்களுக்கும் வரும். லேபே மணக்கும். மேடம் ஒரு சுளை எடுத்துக்கொண்டு, "இதுக்கு மேல வேண்டாம்" என்பார். பிறகு டப்பாவைப் பார்ப்பார். "இன்னொரு தடவ பாப்போமா மேடம்?" என்று நான் கேட்டேன். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை கிடைத்த வாய்ப்பு.

நடுவில் ஒரு கூத்து. வெளியூர் முகாம் ஒன்றில் இலவசமாக ரத்தம் பார்க்கிறார்கள் என்று ஆரோக்கியசாமி கையை நீட்டிவிட்டு வந்தார். மஞ்சள் காமாலைக் கிருமிக்கு எதிரான ஆன்ட்டிபாடி இருக்கிறது, கல்லீரல் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மேடம் அதற்குள் ஓய்வு பெற்று ஊருக்குப் போயிருந்தார். ஆரோக்கியசாமி வெளிறிப்போய் என்னிடம் வந்தார். புதிதாக வந்த டாக்டரும் நானும் கிருமியையே நேரடியாகத் தேடும் டெஸ்ட்டுக்கு அனுப்பினோம். கிருமி இல்லை.

"அப்ப அந்த ஆன்ட்டிபாடி?"

"அது உங்களோடது இல்ல. தானம் குடுத்தவங்கள்ல யாருக்கோ எப்பவோ வந்தது, இல்ல யாரோ தடுப்பூசி போட்டுக்கிட்டது. உங்க உடம்புல வேலை பாக்கற கான்ட்ராக்ட் ஆளோட பழைய ஐடி கார்டு."

"நல்லவேளை, அவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு பாக்கல" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அவருக்கு நோய் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இருமல் கொஞ்சம் மிச்சம் இருந்தது, மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டியிருந்தது. மாதம் தவறினால் உடம்பு உடனே சொல்லிவிடும். ஆனால் நிமோனியா வரவில்லை. கேண்டீனில் சர்க்கரை எவ்வளவு என்று அவரிடம் கேட்கும் நிலை வந்துவிட்டது. தட்சிணாமூர்த்தி ஒருநாள் லேபுக்கே வந்து, "அந்த மருந்து ரத்ததானத்துலேர்ந்து தான் எடுக்கறதாமே? நானும் குடுக்கறேன்" என்று சட்டைக் கையை மடித்தார். நல்ல மனசுதான். ஊசியைப் பார்த்ததும் கண் சொருகி நாற்காலியோடு சாய்ந்தார். அவரைத் தூக்கி உட்கார வைக்க சிஸ்டர் கஸ்தூரியும் வர வேண்டியிருந்தது. தெளிந்ததும், "இத ஷிப்ட்டுல சொல்லிராதீங்க" என்றார். நான் சொல்லவில்லை. சிஸ்டர் கஸ்தூரி எதுவும் உறுதி கொடுத்திருக்கவில்லை.

என் கடைசி வருடங்களில் ஒரு மழைக்காலம். நகரியமே காய்ச்சலில் படுத்தது. எந்த பிளாக்கில் பார்த்தாலும் வீட்டுக்கு ஒருவர் போர்த்திக்கொண்டிருந்தார்கள். ஷிப்டுக்கு ஆள் போதவில்லை. லேப் வாசலில் வரிசை, வராந்தாவைத் தாண்டி சைக்கிள் ஸ்டாண்டு வரை நின்றது. தலை நிமிர நேரமில்லை. அடுத்தவர் என்று கூப்பிட்டேன். வந்து நின்றது ஆரோக்கியசாமி.

இத்தனை நாள் காப்பாற்றி வைத்தது இந்தக் காய்ச்சலில் போகிறதா? ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் ரப்பர் பட்டையை எடுத்தேன்.

"உக்காருங்க. கைய நீட்டுங்க."

அவர் உட்காரவில்லை. தோளில் ஒரு பை, ஒரு கையில் பிளாஸ்க், மறுகையில் மடித்த துண்டு. குளித்து, தலை வாரி, கல்யாணத்துக்குக் கிளம்பியவர் மாதிரி இருந்தார்.

"எனக்கில்லீங்க மேடம்" என்றார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஸ்டெல்லாவை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். மாரியம்மன் கோயில் தேர் மாதிரி எப்போதும் நிமிர்ந்து வருகிற அம்மா, குரங்குக் குல்லாயும் சால்வையுமாகச் சுருங்கி நின்றார். கண் சிவந்திருந்தது.

"நேத்துலேர்ந்து காய்ச்சலுங்க. வெந்நி தான் குடுக்கறேன். ரெண்டு வேளையும் கஞ்சி நாந்தான் வச்சேன். சூடு எவ்ளோன்னு பாத்துகினே இருக்கறேன். ரத்தத் தட்டணு பாத்துடுங்க மேடம். கூடவே கிருமியையும் பாத்துடுங்க. ஆன்ட்டிபாடி டெஸ்ட்ட மட்டும் வச்சுகினு முடிவு பண்ணாதீங்க."

"ஒரே ஒரு காய்ச்சல்தான் மேடம் எனக்கு வந்துச்சு" என்றார் ஸ்டெல்லா, தொண்டை கட்டிய குரலில். "அதுக்கே பெரிய டாக்டராட்டம் ஆடறாரு. கஞ்சியில உப்பே இல்ல."

"பத்தியம்! பேசாம உக்காரு."

ஸ்டெல்லா உட்கார்ந்தார். பட்டையைக் கட்டி நரம்பைத் தேடினேன். இத்தனை வருடம் புருஷனுக்கு ஊசி குத்தும்போதெல்லாம், "இதுக்குப் போயி மூஞ்சியச் சுளிக்கறீங்களே" என்று அதட்டிக்கொண்டிருந்தவர், பஞ்சு பட்டதுமே கண்ணை இறுக மூடிக்கொண்டார். இன்னொரு கை காற்றில் துழாவி ஆரோக்கியசாமியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"வலிக்குமாங்க?" என்றார். என்னிடம் அல்ல.

ஆரோக்கியசாமி பிளாஸ்க்கைத் தரையில் வைத்தார். குனிந்து அவர் குல்லாயைச் சரி செய்தார்.

"எறும்பு கடிக்கற மாதிரி தான் இருக்கும். அந்தப் பக்கம் பாரு. நான் இருக்கறேன் இல்ல?"